ஏலம் பெரியவர்களுக்கு, முறை சின்னவர்களுக்கு

எங்கள் பேன்டசி கிரிக்கெட் லீக்கில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணே, கோலி, பும்ராவை எல்லாம் ஏலத்துல எடுக்குறோம். சின்னப் பயலுகளை மட்டும் ஏன் முறை வச்சு எடுக்கணும்? அதையும் ஏலத்துலயே விட்டுறலாம்ல?"

வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. இந்த லீக்கிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, சின்னவர்களை முறை வைத்து எடுக்கும் அந்தக் குட்டி டிராஃப்ட்தான். அதனால் நிதானமாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் எங்களைப் பற்றி. மொத்தம் எட்டு அணி. உப்பூரில் நான், திருப்பாலைக்குடியில் ஒருத்தர், தொண்டியில் எல்லோருக்கும் மூத்தவரான காக்கா, ஆர்.எஸ். மங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. மிச்சப் பேர் சென்னை, துபாய், கோலாலம்பூர் என்று பிழைக்கப் போனவர்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்குள் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். காசு வைத்து ஆடுவது கிடையாது. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்து, டிரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்தியபோது எங்கள் குரூப்பில் ஒருத்தரும் கவலைப்படவில்லை. சீசன் முடிந்ததும் ஜெயித்தவருக்கு மற்றவர்கள் சேர்ந்து ஒருவேளை மீன் சாப்பாடு போடுவோம், அவ்வளவுதான்.

ஐபிஎல் தொடங்கும் முன்பு மார்ச்சில் ஏலம். ஆளுக்கு ஏலத்தில் செலவழிக்க 100 புள்ளி, அதை வைத்து 15 பேரை எடுக்க வேண்டும். அவர்கள் ஐபிஎல்லில் ஆடுவதை வைத்து நமக்கு ஆட்டப் புள்ளி சேரும். அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டி டிராஃப்ட். இன்னும் பெரிய ஆட்டத்துக்கு வராத பையன்கள், ரஞ்சியிலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லிலும் 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களிலும் தலை காட்டியவர்கள், இவர்களில் மூன்று பேரை ஒவ்வொரு அணியும் முறை வைத்து எடுக்கும். எடுத்த பையன் குட்டிப் பட்டியலில் இருப்பான். அவன் என்ன ஆடினாலும் நமக்குப் புள்ளி வராது. ஐபிஎல்லில் இறங்கும்போது அவனை மேலே ஏற்றிக்கொண்டால் அன்றிலிருந்து புள்ளி.

இந்த யோசனை நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடமிருந்து வந்தது. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு ஓட்டலில் கூடித் தொடங்கிய ஆட்டம்தான் இன்றைய பேன்டசி பேஸ்பாலுக்குத் தாய். அந்த ஓட்டல் பெயரை ஒட்டியே அதற்கு ரோட்டிசெரி லீக் என்று பெயரும் வந்தது. அங்கே பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே டிரிபிள் ஏ, டபுள் ஏ என்று படிப்படியாக நான்கு மைனர் லீக் அணிகள். ஆக 120 அணிகளில் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பையன் அந்தப் படிகளை ஏறி மேலே வர மூன்று, நான்கு வருஷம் ஆகலாம். வராமலே போகலாம். அந்தப் பையன்களையும் பெயர் சொல்லி எடுத்து வைத்துக் காத்திருப்பதுதான் மைனர் லீக் டிராஃப்ட். பேன்டசி ஆட்டத்தைப் பல வருஷமாக விடாமல் ஆடுகிறவர்களில் பலர் இதற்காகவே ஆடுகிறார்கள்.

நிஜ பேஸ்பாலிலும் பையன்களை எடுக்க ஏலம் கிடையாது. பணக்கார கிளப்புகள் நல்ல பையன்களை எல்லாம் காசை வீசி அள்ளிக்கொண்டு போனதைத் தடுக்கத்தான் 1965-ல் டிராஃப்ட் கொண்டுவந்தார்கள். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. ஜெயித்த அணி கடைசியில் நிற்கும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நம் கரையில் ஏலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனும் நண்டும் கணவாயும் மணலில் கிடக்கும். வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு விலை கேட்பார். பொருள் கண்முன்னால் கிடக்கிறது, அதனால் ஏலம் நியாயமான விலையைச் சொல்லிவிடும். கோலியும் பும்ராவும் அப்படித்தான். அவர்கள் கணக்கு ஊருக்கே தெரியும். இன்னும் கடலுக்குள் இருக்கும் மீனை யாரும் ஏலம் விடுவதில்லையே. பத்து ரஞ்சி ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு ஏலத்தில் விலை ஏறுகிறது என்றால், அது அவன் ஆட்டத்தைப் பார்த்து ஏறுவதில்லை. முந்தின வாரம் யூடியூபில் யார் பெயர் ஓடியதோ அவனுக்கு ஏறும். புள்ளி மிச்சம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். ராத்திரி உட்கார்ந்து சையது முஷ்டாக் அலி ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் தோற்பார்.

முறை வைத்தால் அப்படி இல்லை. உன் முறை வரும்போது நீ ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். யாரும் பேசாத பெயராக இருந்தாலும் அவன் உனக்குத்தான். நீ கண்டுபிடித்ததை இன்னொருத்தர் கூடுதலாக ஒரு புள்ளி சொல்லித் தட்டிப் பறிக்க முடியாது.

டிஎன்பிஎல் கதையே இதற்குச் சான்று. 2016-ல் தொடங்கியபோது வீரர்களை டிராஃப்ட் முறையில்தான் பிரித்துக் கொடுத்தார்கள். ஏலம் வந்தது 2023-ல், மாமல்லபுரத்தில். அணிக்கு 70 லட்ச ரூபாய் வரம்பு. அந்த ஏலத்தில் சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். உள்ளூர் லீக்கில் ஐபிஎல்லை விட அதிக விலை என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பு இல்லை. 2023-ல் தமிழ்நாட்டில் கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. 2021-ல், தன் முதல் டிஎன்பிஎல் ஆட்டத்தில் சேலத்துக்கு எதிராக 43 பந்தில் 87 அடித்தாரே, அதற்கு முந்தின நாள் ஏலம் விட்டிருந்தால் என்ன விலை போயிருக்கும்? அந்த முந்தின நாளில் பெயரைச் சொல்கிறவருக்காகத்தான் குட்டி டிராஃப்ட். அப்படிச் சொன்னவருக்கு 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தின் 47 பந்தில் 96-ம் கிடைக்கும், 2025-ன் 759 ரன்னும் ஆரஞ்சு தொப்பியும் கிடைக்கும்.

அடுத்து விதிகள். எங்கள் விதிகளில் பாதியை நாங்கள் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் எழுதினோம். புதிதாக யார் என்ன விதி சொன்னாலும் கேட்கிற முதல் கேள்வி: "இந்த விதி இருந்திருந்தா நடராஜன் நமக்குக் கெடச்சிருப்பாரா?"

முதலில் யார் சின்னவன் என்பது. இதில்தான் எல்லா லீக்கிலும் சண்டை வரும். வயது வரம்பு வைக்கலாம் என்று கோலாலம்பூர்க்காரர் சொன்னார், 23 வயது என்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜன், திண்டுக்கல் டிராகன்ஸ் வழியாக 2017 ஐபிஎல் ஏலத்துக்கு வந்தபோது அவருக்கு 25 வயது. 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடிக்குப் போனார். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, டென்னிஸ் பந்து ஆடி, 2018-ல் மதுரை பாந்தர்ஸுக்கு ஆடிக் கோப்பையும் வென்று, அந்த டிசம்பரில் 20 லட்சத்திலிருந்து 8.4 கோடிக்குப் போனபோது அவருக்கு 27. வயது வரம்பு வைத்திருந்தால் இருவருமே வெளியே. சென்னையில் பிறந்து பன்னிரண்டு வயதில் அகாடமிக்குப் போகிற பையனுக்கு வேண்டுமானால் 23 சரியான வரம்பாக இருக்கலாம். கண்மாய்க்குள் ஆடுகிற பையன் தோல் பந்தைக் கையில் பிடிப்பதற்கே இருபது ஆகிவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பையன்களை நினைத்தால் நான் ஒருநாளும் வயது வரம்புக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்று மட்டும் வைக்கலாமா? ஐபிஎல்லில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் ஐந்து வருஷமாக நாட்டுக்கு ஆடாத இந்திய வீரரும் அந்தப் பிரிவில் வருவார் என்று 2025-க்கு விதி வைத்தார்கள், அதில்தான் தோனியை சென்னை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. அந்த விளக்கத்தை அப்படியே எடுத்தால் தோனியும் எங்கள் குட்டிப் பட்டியலில் வந்துவிடுவார். அமெரிக்காவில் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். மேஜர் லீக்கில் 130 முறைக்கு மேல் மட்டை பிடித்தாலோ 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்து போட்டாலோ அவன் புதியவன் இல்லை. வயது கணக்கே கிடையாது. ஐபிஎல்லின் வளரும் வீரர் விருதுக்கும் 25 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. நாங்கள் இதை ஒட்டி, ஆனால் இன்னும் இறுக்கமாக வைத்தோம்: டிராஃப்ட் அன்று இந்தியாவுக்கு ஒரு ஆட்டமும் ஆடியிருக்கக் கூடாது, ஐபிஎல்லில் பத்து ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. வயது என்னவானாலும் சரி.

அடுத்தது, குட்டிப் பட்டியலில் எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்பது. முதலில் மூன்று சீசன் என்றுதான் பேச்சு. அதையும் நடராஜனை வைத்துப் பார்த்தோம். 2017-ல் பஞ்சாபுக்கு ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2020-ல் இறங்கினார், 16 விக்கெட். அதே வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா போனார், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். மூன்று சீசன்தான் விதி என்றால் 2020 தொடங்கும் முன்பு அவரை விட்டிருப்போம். அதனால் நான்கு. வருணுக்கும் அந்தப் பொறுமை தேவைப்பட்டது. 8.4 கோடிக்குப் போனவர் 2019-ல் ஆடியது ஒரே ஆட்டம், பிறகு காயம். 2020-ல் கொல்கத்தாவுக்கு 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்று ஆட்டத்தில் 9 விக்கெட். கையில் வைத்துக் காத்திருக்க லீக் இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் அடுத்த மாதமே ஆடப் போகிறவனை மட்டும்தான் எடுப்பார்கள், குட்டி டிராஃப்ட் என்பதே பேருக்கு ஆகிவிடும்.

முறை வரிசை எப்படி? போன வருஷம் கடைசியில் வந்தவருக்கு முதல் பெயர். அடுத்தடுத்த சுற்றிலும் அதே வரிசைதான். பல லீக்கில் இரண்டாம் சுற்றில் வரிசையைத் திருப்பிப் பாம்பு மாதிரி போவார்கள். முதல் வருஷம் எல்லோரும் சமமாகத் தொடங்கும்போது அது சரி. கீழே கிடக்கிறவரைத் தூக்கிவிடத்தான் டிராஃப்ட் என்றால் திருப்பக் கூடாது. அப்படியானால் வேண்டுமென்றே கடைசிக்குப் போக ஒருவர் ஆசைப்பட மாட்டாரா என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். மேஜர் லீக்கிலும் இதே சந்தேகம் வந்துதான் 2023-லிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்தார்கள். நாங்கள் கடைசி மூன்று பேருக்கு மட்டும் திருவுளச்சீட்டு போடுகிறோம். வெயிலுகந்த விநாயகர் கோயில் வாசலில், வீடியோ அழைப்பில் எல்லோரும் பார்க்க, என் அக்கா மகள் சீட்டு எடுப்பாள். ராமர் கடலுக்குப் போகும் முன்பு வணங்கிய பிள்ளையார் என்று ஊரில் சொல்வார்கள், தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்களும் இங்கே வணங்கிவிட்டுத்தான் போவார்கள். சீட்டு விஷயத்தில் இதுவரை ஒரு முணுமுணுப்பும் வந்ததில்லை.

நடத்துகிறவருக்கு முக்கியமான ஒன்று உண்டு. டிராஃப்ட் ராத்திரி யாராவது வர முடியாமல் போகும். அவர்கள் ஆசைப்படும் பெயர்களை வரிசையாக எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் நடத்துகிறவர் கைக்கு வரவே கூடாது. லீக்கை நடத்துகிற நானும் ஒரு அணி வைத்திருக்கிறேன், அடுத்தவர் மனதில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தால் ஆட்டம் அங்கேயே கெட்டுவிடும். தேவிபட்டினத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறார், லீக்கில் இல்லாதவர். பட்டியல்கள் அவருக்குப் போகும், என் பட்டியலும் சேர்த்து. முறை வரும்போது அவர் திறந்து வாசிப்பார்.

2025 டிராஃப்டைச் சொன்னால் இதெல்லாம் புரியும். அந்த மார்ச் நோன்பு மாதம். தொண்டி காக்காவும் திருப்பாலைக்குடிக்காரரும் தராவீஹ் முடித்து வர வேண்டும் என்பதால் ராத்திரி பத்து மணிக்கு வைத்தோம். துபாயில் எட்டரை, கோலாலம்பூரில் நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. மலேசியாக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெயருக்கு மூன்று நிமிஷம். கூகுள் ஷீட்டில் நான் ஏற்றிக்கொண்டே வருவேன், எல்லோர் போனிலும் அது திறந்திருக்கும்.

ராஜஸ்தான் 1.10 கோடிக்கு எடுத்த பதிமூன்று வயது வைபவ் சூர்யவன்ஷி முதல் சுற்றிலேயே போய்விட்டான். எடுத்தது ஆர்.எஸ். மங்கலத்து மாப்பிள்ளை. "பள்ளிக்கூடத்துப் பையன், நாலு வருஷம் காத்திருக்கணும்" என்றார்கள். ஏப்ரல் 28-ல் அவன் குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் நூறு அடித்தான். நாலு வருஷம் என்று சொன்னவர்களுக்கு ஆறு வாரத்தில் பதில் கிடைத்தது.

எனக்கு மறக்காமல் இருப்பது மூன்றாம் சுற்று. காக்கா முறை. இரண்டு நிமிஷம் போய்விட்டது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

"காக்கா, டைம் போகுது."

"இருடா. ஆயுஷ் மாத்ரேன்னு போடு."

"அவன் எந்த டீம்லயும் இல்லையே காக்கா?"

"டீம்ல இருக்கணும்னு விதி இருக்கா?"

இல்லை. பத்து ஆட்டத்துக்கு மேல் கூடாது என்றுதான் விதி. மும்பைப் பையன், பதினேழு வயது. டிசம்பரில் விஜய் ஹசாரேயில் நாகாலாந்துக்கு எதிராக 117 பந்தில் 181 அடித்ததைக் காக்கா பார்த்து வைத்திருந்தார். நாகாலாந்துதானே என்று துபாய்க்காரர் இழுத்தார். "பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்தியா நீ? நான் பாத்தேன்" என்றார் காக்கா. அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை. ஷீட்டில் ஏற்றினேன்.

ஏப்ரலில் சென்னை கேப்டன் ருதுராஜுக்குக் காயம். அவர் இடத்துக்கு மாத்ரேயை சென்னை எடுத்தது. 20-ம் தேதி மும்பைக்கு எதிராக முதல் ஆட்டம், 15 பந்தில் 32. மே 3-ல் பெங்களூருவுக்கு எதிராக 94. ஏலமாக இருந்திருந்தால் காக்காவுக்கு இவன் கிடைத்திருப்பானா? கிடைத்திருக்கலாம், ஒரு புள்ளிக்கே. ஆனால் காக்கா அந்த ஏலத்தில் புள்ளி மிச்சம் வைத்திருக்க மாட்டார். அவர் எப்போதும் முதல் பத்து நிமிஷத்தில் செலவழித்துவிடுகிறவர்.

அதில் ஒரு தகராறும் வந்தது, அதையும் எழுத வேண்டும். மாத்ரேயை மேலே ஏற்றுவதாகக் காக்கா குரல் செய்தி போட்டது டாஸ் முடிந்து, ஆடுகிற பதினொருவர் பெயர் வந்த பிறகு. அது செல்லாது என்று இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் விதி 'ஆட்டம் தொடங்கும் முன்' என்றுதான் சொன்னது, அதனால் அன்று செல்லும் என்று வாத்தியார் சொன்னார், எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். அந்த வாரமே விதியை 'டாஸுக்கு முன்' என்று மாற்றி, அடுத்த சீசனிலிருந்து நடப்புக்கு வரும் என்று எழுதினோம். நடுச் சீசனில் விதியை மாற்றி அதே சீசனில் பிடிப்பது கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பையன்களை எங்கே பார்ப்பது என்றும் கேட்பீர்கள். டிஎன்பிஎல்தான் நமக்குப் பக்கம். டிவியில் தமிழிலேயே வருகிறது. நேரில் பார்க்க வேண்டுமானால் மதுரை தாண்டி நத்தம், அங்கே கல்லூரி மைதானத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். முன்பு காரைக்குடி காளை என்று நம் பக்கத்து அணி ஒன்று இருந்தது, அதுவும் திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. 2025-ல் அவர்கள் கோப்பையை வென்றபோது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. டிஎன்பிஎல் தாண்டி ஆகஸ்டில் புச்சி பாபு போட்டி, குளிர்காலத்தில் சையது முஷ்டாக் அலி, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான கூச் பெஹார் டிராபி. எண்களை மட்டும் நம்பாதீர்கள். யாருக்கு எதிராக, எந்த நிலையில், எந்தப் பிட்ச்சில் என்று பாருங்கள். ஆட்டம் முழுக்கப் பார்க்க நேரமில்லை என்றால் ஒரு பையனுடைய இரண்டு ஓவராவது முழுசாகப் பாருங்கள்.

அடுத்த டிராஃப்டுக்கு ஒரு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. சீட்டு எடுக்கிற அக்கா மகள் கேட்டது அது. 2024 டிசம்பரில் பெண்களுக்கான டபிள்யூபிஎல் ஏலத்தில் மதுரைப் பெண் ஜி. கமலினியை, பதினாறு வயதில், 10 லட்சத்திலிருந்து 1.60 கோடிக்கு மும்பை எடுத்ததே, அதிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. "மாமா, பொண்ணுங்களுக்கு ஏன் லிஸ்ட் இல்ல? நானே கண்டுபிடிச்சுத் தர்றேன்." பெண்களுக்குத் தனிப் பட்டியல் வைத்தால் வரம்பு எத்தனை ஆட்டம் என்பதுதான் பிரச்சினை. டபிள்யூபிஎல் சீசனே சின்னது, பத்து ஆட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். ஐந்து என்று காக்கா சொல்கிறார், மூன்று போதும் என்பது என் எண்ணம். எட்டுப் பேரும் இந்த மாதக் கடைசிக்குள் வாத்தியாருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். ஒன்பதாவது அணியாக அவளைச் சேர்ப்பதா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் ஓட்டை நான் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.